குழாய்த் தண்ணீருக்கு அடியில்

எல்லார் வீட்டு அடுக்களையிலும் அரசாங்கத்தின் மைக் உண்டு. இருபத்துநாலு மணி நேரமும் பதிவாகும். அத்தனையையும் உட்கார்ந்து கேட்க ஆள் எங்கே? சந்தேகம் வந்தால் மட்டும் பதிவைத் தேடி எடுத்து எங்களிடம் தருவார்கள்.

கேட்டுக் கேட்டு டைப் அடிப்பது என் வேலை. காதில் விழுந்தது நேராக விரலுக்குப் போக வேண்டும், நடுவில் மூளைக்கு வேலையில்லை என்று பயிற்சியில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள். அடிக்கிற வரி அப்போதே மேல்மாடியில் அதிகாரியின் திரைக்குப் போய்விடும். அழிக்க முடியாது. ஜனங்கள் ரகசியம் பேசக் குழாயைத் திறந்துவிடுவார்கள், பாவம். அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் கிடக்கும் பேச்சை எடுப்பதில் நான் கில்லாடி.

அத்தானைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்கா குடியிருக்கும் கட்டடத்தில் எல்லாரையும் வேவு பார்த்து எழுதிக் கொடுக்கிற ஒருவன் இருந்தான். 'மோப்பம்' என்று பட்டப்பெயர். ஒருநாள் சாயங்காலம் மாடிப்படிக்குக் கீழே மண்டை உடைந்து செத்துக் கிடந்தான். அன்று காலையில்தான் அத்தான் அவனோடு சண்டை போட்டிருந்தார். போதாதா? இரண்டு அறை விழுந்ததும் ஒப்புக்கொண்டுவிட்டாராம். கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறுகிற மனிதர்! தூக்கு நிச்சயம் என்றார்கள்.

அக்கா பாப்பாவோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அன்னிக்கு சாயங்காலப் பதிவை எடுத்தாப் போதும்க்கா. அத்தான் வீட்லதான் இருந்தார்னு தெரிஞ்சிடும்."

"வேணாம்டா. நீ இதுல தலையிடாத."

என் வேலை போய்விடும் என்று பயப்படுகிறாள் என நினைத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடினேன். "நீயே கேட்டு அடிய்யா," என்று பதிவைக் கொடுத்தார்.

ஹெட்ஃபோனை மாட்டினேன். அத்தான் பாப்பாவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார்.

"ஏழும் எட்டும்?"

"பதினாறு."

"அப்படியே உங்க மாமன் மூளை!"

எனக்குச் சிரிப்பு. அப்போது வெளியே படியில் ஏதோ உருண்டு விழும் சத்தம். "என்னது அது?" என்றார் அத்தான், வீட்டுக்குள்ளிருந்து. பிழைத்தார்! நாற்காலியிலிருந்து துள்ளாத குறைதான்.

கதவு திறந்தது. யாரோ ஓடி வந்தார்கள். குழாய் திறந்தது. என் விரல்கள் பழக்கத்தில் பறந்தன.

"அவனைப் பிடிச்சுத் தள்ளிட்டேங்க. என் தம்பி, தலைவரைக் கிண்டல் பண்ணினதை எழுதிக் கொடுக்கப் போறேன்னான். கொன்னுடுவாங்களேங்க அவனை!"

"யார் கேட்டாலும் நான்தான்னு சொல்லிக்கறேன். நீ பாப்பாவைப் பாரு."

ஒரு பிழையில்லாமல் அடித்து முடித்துவிட்டுத்தான் திரையைப் படித்தேன். அக்கா. அது அக்காவின் குரல். கூடப் பிறந்தவளின் குரலைக் கேட்டும் கை நிற்கவில்லையே! அழிக்கும் விசையைக் குத்து குத்தென்று குத்தினேன். ஓர் எழுத்துகூட நகரவில்லை.

மேஜைமேல் போன் அடித்தது. அதிகாரி.

"பிரமாதம்யா! தண்ணிக்கு அடியில உன்னை அடிச்சுக்க ஆளே இல்ல. உங்க அத்தானை விட்டுடறோம். உன் கிண்டலைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

"சார்... அக்கா எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது சார்."

"நீ ஏன்யா சிரமப்படறே? உன் வீட்டு அடுக்களையிலதான் இருக்காங்க. கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். மாமா வந்ததும் எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம்னு பாப்பாகிட்ட சொல்லிட்டிருக்காங்க."