கண்ணாடிக்கு அடியில் முளைத்த மல்லி

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் கிடைத்தது. கொத்தமல்லி விற்றவளிடம், "மருந்தடிச்சதா?" என்று படித்தவன் மிடுக்கோடு கேட்டேன். "அடிக்காத கதைய கேக்குறியா நைனா?" என்றாள். கேட்டேன். அவளுக்கு ஜான்சி என்று பெயர் வைத்தது மட்டும் நான்.

முதல் தொடக்கம்: 'அடையாற்றங்கரையில் விடியல் மெல்ல…' (வேண்டாம். ஆறு நாறுகிறது, விடியலுக்கு என்ன அலங்காரம்?)

2

சைதாப்பேட்டை ஆற்றோரம் ஜான்சிக்கும் அவள் புருஷன் பவுல்சாமிக்கும் நாலு பாத்தி கொத்தமல்லி. களைக்கொல்லி டேங்க்கை முதுகில் சுமந்தே அவனுக்கு இருபது வருஷம் போயிற்று. கைத்தோல் உரிந்தது, மூச்சு இழுத்தது. டாக்டர் காரணம் எதுவும் சொல்லவில்லை. "இனிமே அதைத் தொடாதீங்க" என்றார்.

"இன்னொரு தபா டேங்க்கத் தூக்குனா, அப்பால உன்னத்தான் தூக்கணும்," என்று கத்தினாள் ஜான்சி.

"அப்ப களைய எவன் புடுங்குவான்?"

களையைத் தீயால் வாட்டும் கேஸ் பர்னர் வந்தது அப்படித்தான். மல்லி முளைக்க எட்டொன்பது நாள் ஆகும். களைக்கு அந்தப் பொறுமை கிடையாது. மல்லி மண்ணை முட்டும் முன் பாத்திமேல் நடைவேகத்தில் தீயைக் காட்டிக்கொண்டே போனால் களை மட்டும் சாகும்.* எந்த நாள் என்று தெரிய, பாத்தியில் ஓரிடத்தில் கண்ணாடித் துண்டு வைப்பார்கள். கண்ணாடிக்கடியில் தேங்கும் வெயில் சூட்டில் அங்குள்ள விதை ஒருநாள் முந்திக்கொள்ளும். அது தலைகாட்டிய அன்றே தீயைக் காட்ட வேண்டும். மறுநாள் என்றால் மல்லியும் போச்சு.

"இது ஒண்ணு பாக்குறேன். ஊத்திக்கிச்சுன்னா டேங்க்தான்," என்றான் பவுல்சாமி.

(* எரிக்கவே வேண்டாம். தீ பட்ட இலையை அழுத்தினால் கைரேகை பதிய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. கதைக்குள் இதற்கு இடமில்லை, விடவும் மனசில்லை.)

3

கண்ணாடிக்குக் கீழே பச்சை தெரிந்தது பெரிய வெள்ளியன்று.

ஜான்சி வீட்டில் அன்று அடுப்பே பற்றவைக்க மாட்டார்கள், கஞ்சிகூட கோயிலில்தான். பர்னரை எடுத்தாள், வைத்தாள். ஆண்டவர் தொங்குகிற நாளில் நெருப்பா? "ஒரு நாள்ல இன்னா ஆயிடப்போவுது," என்று சொல்லிக்கொண்டு சிலுவைப்பாதைக்குக் கிளம்பினாள்.

(வியாழக்கிழமைக்கு மாற்றி எழுதிப் பார்த்தேன். களை சுருண்டது, மல்லி வந்தது, பவுல்சாமி சிரித்தான். எனக்கே வெட்கமாக இருந்தது. அடித்துவிட்டேன்.)

சனிக்கிழமை காலை, பாத்தி முழுக்க மல்லி களையோடு களையாக முளைத்து நின்றது. ஜான்சி பர்னரைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தாள். ஏன் நேற்றே கொளுத்தவில்லை என்று பவுல்சாமி கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். அவன் கேட்கவில்லை. கோயிலில் அவனும்தானே பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தான்.

"கொத்திப் போட்ரு. நான் மருந்தடிச்சிட்டு மறுக்கா வெதைக்கிறேன்," என்றான்.

4

முடிவு. அவள் டேங்க்கை ஆற்றில் எறிவதாக ஒன்று எழுதினேன். அவன் இரவல் டேங்க் வாங்கி வந்தான். அவள் அழுவதாக எழுதினேன். அவன் பொறுமையாகக் காத்திருந்தான். அவனே திருந்துவதாக… (இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.)

இப்போது அவன் டேங்க்கின் மூடியைத் திறந்து மருந்தை ஊற்றிவிட்டான், கலக்கத் தண்ணீர்தான் பாக்கி. குனிந்தால் மூச்சு வாங்குகிறது.

"ஜான்சி, கொஞ்சம் தண்ணி ஊத்தும்மா."

குடம் அவள் இடுப்பில் இருக்கிறது. இத்தனை வருஷமும் ஊற்றியது அவள்தான். அதை அவள் என்னிடம் சொன்னபோது நான் வேறு பக்கம் பார்த்தேன், இப்போதும் பார்க்கிறேன். ஊற்றினாளா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.