வெயிலில் இருந்த குழாய்

அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: ரத்தம் எடுக்கும் தங்கை, கையை நீட்டிய அண்ணன், அவரை இழுத்துவந்த அண்ணி. தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட தங்கையோடு அண்ணன் பேசி ஒன்பது வருடமாகிறது. ஊரில் பரிசோதனைக்கூடங்களுக்கா பஞ்சம்? அண்ணி வேண்டுமென்றேதான் இங்கே கூட்டிவந்திருந்தாள்.

“வலிக்காம எடுக்கச் சொல்லு,” என்றார் அண்ணன், மனைவியிடம்.

“பக்கத்துலதான நிக்கிறா? நான் என்ன மைக் செட்டா?”

அவர் கண்களில் மஞ்சள் ஏறியிருந்தது. கையெல்லாம் சொறிந்த தடம்.

அவர்கள் இறங்கிப் போனதும், ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாயை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, தெருமுனை திரும்பும்வரை அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஆள் கூப்பிட்டார், போனாள். குழாய் ஞாபகம் வந்தபோது அது இரண்டு மணி நேரம் வெயில் காய்ந்திருந்தது.

இயந்திரம் காட்டிய முடிவில், பித்தம் இறங்கும் வழி அடைபட்டால் ஏறுகிற இரண்டு நொதிகளும் எகிறியிருந்தன. கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் மட்டும் கொஞ்சம்தான் கூடுதல். அந்தக் கண்ணுக்கு இந்த எண்ணா? வெளிச்சம் பிலிருபினைத் தின்றுவிடும். பயிற்சியின் முதல் வாரமே சொல்லித்தருகிற விஷயம்.

போனை எடுத்தாள். “அண்ணி, தப்பு என்னோடது. மறுபடி ரத்தம் வேணும்.” பயத்துக்கு நடுவே கேவலமாக ஒரு சந்தோஷம்.

சாயங்காலம் அவர் தனியாக வந்தார். சொல்லியனுப்ப ஆள் இல்லாததால் பேசாமலே கையை நீட்டினார். இந்த முறை குழாயைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி உடனே இயந்திரத்தில் வைத்தாள். பிலிருபின் பதினொன்று. இருக்கவேண்டியதைப் போல் பத்து மடங்கு.

“பயப்படணுமா?” சுவரைப் பார்த்துத்தான் கேட்டார். சுவருக்குப் பதில் தெரியாது.

“பித்தம் இறங்குற குழாய்ல அடைப்பு மாதிரி இருக்குண்ணா. கல்லா இருக்கலாம், வேற எதுவாவும் இருக்கலாம். ஸ்கேன்லதான் தெரியும். நாளைக்குன்னு தள்ளாதீங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க.” முடிவு அச்சடித்த காகிதத்தை நீட்டி, “நானும் வரவா?” என்றாள்.

அவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“உங்க அண்ணி வருவா.”

கூடம் மூடும் நேரம். மற்றவர்கள் போய்விட்டார்கள். வாசல்வரை போனவர் காலியான நாற்காலிகளைப் பார்த்து நின்றார்.

“தனியாவா இருக்க? கதவப் பூட்டிக்கோ.”

படியில் செருப்புச் சத்தம் அடங்கும்வரை நின்றாள். பிறகு கதவைச் சாத்தி, சாவியை இரண்டு முறை திருப்பினாள்.