லைல் வோய்டாஸின் லேசான ஃப்ளைவீல்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது கண்டுபிடித்தால் மானம் போய்விடும். எதிர்வீட்டுக் கராஜிலிருந்து வந்தது. டெட்ராய்ட்டுக்குத் தெற்கே, ஆற்றை ஒட்டிய எங்கள் தெருவில், கோடை முழுக்க யார் வீட்டுக் கராஜும் மூடியிருக்காது. அங்கே இரண்டு ஆண்கள் இரண்டு உலோகத் தட்டுகளை மாறி மாறித் தூக்கிப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். குப்பைத்தொட்டியை உள்ளே இழுக்கிற சாக்கில் நான் நின்று கேட்டேன். நான் கியர் மாற்றத் தேவையில்லாத வண்டி ஓட்டுகிறவன். என் இடதுகாலுக்குப் பல வருஷமாக வேலையே கிடையாது. இதை எழுத இதைவிடத் தகுதி வேறென்ன வேண்டும்?

முதல் தொடக்கம்: "இரும்பின் கனமும் மனித மனத்தின் கனமும்…"

(வேண்டாம். இப்படித் தொடங்கினால் நானே படிக்க மாட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: "லைல் வோய்டாஸ் முழங்காலை மடக்க முடியாத கோடையில்தான் அவனுடைய வண்டியின் க்ளட்சும் போயிற்று." பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

2.

லைலின் இடது முழங்கால் மூட்டை வசந்தத்தில் ஆபரேஷன் செய்து மாற்றிவிட்டார்கள். இலையுதிர்காலம் வரை க்ளட்ச் மிதிக்கக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. ஆனால் ஆகஸ்டில் பெருஞ்சாலை ஊர்வலம் இருக்கிறதே! ஊரிலுள்ள பழைய வண்டியெல்லாம் அன்று அந்தச் சாலையில்தான் இருக்கும். பெரிய எஞ்சின் வைத்த, லைலின் ஆரஞ்சு நிறப் பழைய மசில் கார் ஒரு வருஷமும் தவறியதில்லை. ஓட்டுவது அவன். பக்கத்தில், மடியில் ஐஸ்பெட்டியோடு, மனைவி ரெனாட்டா.

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியாத நிலையில் அவன் சொன்னான்: "இந்த வருஷம் நீதான் ஓட்டணும், ரெனா." தெளிந்ததும் அப்படிச் சொன்னதாக ஞாபகமில்லை என்றான். அவள் மறக்கவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸும் மறக்கவில்லை.

இப்போது க்ளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கியாகிவிட்டது. இறக்கியவன் மெர்வ், லைலோடு அதே தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கத்து ஆண்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒன்றைக் கழற்றினால், "கழட்டினதுதான் கழட்டினோம்" என்று பக்கத்தில் இருப்பதையும் மாற்றாமல் விடமாட்டார்கள். பக்கத்தில் இருந்தது ஃப்ளைவீல்.

(எஞ்சினுக்கும் க்ளட்சுக்கும் நடுவே சுழலும் கனத்த தட்டு அது. கனமாக இருந்தால் சுழற்சி சட்டென்று விழாது, வண்டி பதமாகக் கிளம்பும். லேசாக இருந்தால் எஞ்சின் சீறிக்கொண்டு ஏறும், அதே வேகத்தில் இறங்கும். கிளம்பும்போது க்ளட்சைக் கொஞ்சம் தப்பாக விட்டால் பொசுக்கென்று அணைந்துவிடும்.*)

"பழசு தேயவே இல்லடா. அதையே போட்டுட்டுப் போவோம்" என்றான் மெர்வ்.

"இந்தப் புது அலுமினியத் தட்டு அதுல பாதி எடைகூட இல்ல. தூக்கிப் பாரு" என்றான் லைல்.

"தூக்கிப் பாத்துட்டேன். நீ என்ன ரேஸுக்கா போற? நாள் பூரா நடக்கிற வேகத்துல ஊரப் போற. பத்தடிக்கு ஒரு தடவ நின்னு நின்னு கிளம்பணும். அதுக்கு இதவிடக் கேவலமான சாமான் உலகத்துலயே கிடையாது."

"சிக்னல்ல நிக்கும்போது ஒரு மிதி மிதிச்சா மீட்டர் முள்ளு எப்படித் துள்ளும் தெரியுமா?"

"துள்ளும். அப்புறம் பச்ச விழும். அப்புறம் வண்டி நின்னுபோயி, பின்னாடி இருக்கறவன் உன் அம்மாவ விசாரிப்பான்."

* எடை விவரத்தில் தப்பிருந்தால் யாரும் கடிதம் எழுத வேண்டாம். நான் கேட்டதே தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

3.

இந்த இடத்தில் கதை நின்றுபோயிற்று. லைல் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறான்? சத்தத்துக்காக என்று எழுதினேன். அது உண்மைதான். வீம்புக்காக என்று சேர்த்தேன். அதுவும் உண்மைதான். அப்போது நான் கேட்காமலே ஒரு வாக்கியம் வந்து விழுந்தது:

லேசானதைப் போட்டால் ரெனாட்டாவால் ஓட்ட முடியாது.

கோடு போட்டு அடித்தேன். லைல் நல்லவன், பனிக்காலத்தில் என் வீட்டு வாசல் பனியையும் சேர்த்து வழித்துவிடுகிறவன். அவன்மேல் இப்படிப் பழி போடலாமா? மறுநாள் உட்கார்ந்தால் அதே வாக்கியம் பேனாவுக்கு முன்னால் வந்து நின்றது. இருந்து தொலை என்று விட்டுவிட்டேன்.

(நடுவில், கதைக்கும் ஒரு ஃப்ளைவீல் உண்டு என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். அழகாகத்தான் இருந்தது. என் மனைவி படித்துவிட்டுக் கொட்டாவி விட்டாள். எடுத்துவிட்டேன்.)

4.

ரெனாட்டா கராஜுக்குள் வந்து இரண்டு தட்டுகளையும் பார்த்தாள். மெர்வ் அவசரமாக வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

"இதுல எது போட்டா எனக்கு ஓட்டக் கஷ்டம்?"

லைல் கைகளைத் துணியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"லேசானது" என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"உன்ன யாருடா கேட்டா?" என்றான் லைல்.

"சரி, அதையே மாட்டு மெர்வ்" என்றாள் ரெனாட்டா. "நான் கத்துக்கறேன்."

"ரெனா, அது ரொம்ப…"

"ரொம்ப என்ன? நான் திணறினா நீ சீட்டு மாத்திக்கலாம்னு பாத்தியா?"

அவன் மறுபடியும் கையைத் துடைக்க ஆரம்பித்தான். (என் பேனா குற்றமற்றது என்பதைப் பதிவு செய்கிறேன்.)

5.

ஞாயிறு பூசை முடிந்து காலியான தேவாலய வாகன நிறுத்தத்தில் வண்டி துள்ளிற்று, இருமிற்று, அணைந்தது. மறுபடியும் அணைந்தது. ரெனாட்டா ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். லைல் மடியில் ஐஸ்பெட்டியோடு உட்கார்ந்திருந்தான். அது ஏன் அங்கே வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

"முதல்ல கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடு. கால மெதுவா எடு. இல்ல, இன்னும் மெதுவா" என்றவன் திடீரென்று நிறுத்தினான். "ரெனா, எனக்குப் பயமா இருக்கு."

"எதுல மோதிடுவேன்னா?"

"அதில்ல. இந்த சீட்டுல ஒரு தடவ உக்காந்துட்டா அப்புறம் எந்திரிக்கவே மாட்டேனோன்னு."

அவள் சாவியைத் திருப்பாமல் அவனைப் பார்த்தாள்.

"நான் இத்தன வருஷம் அங்கதான் உக்காந்திருந்தேன், லைல். எந்திரிச்சு வந்துட்டேன் பாரு."

6.

இனி முடிவு. ஊர்வல நாள், சாலையின் இருபுறமும் மடக்கு நாற்காலிக் கூட்டம், சிவப்பு விளக்கு. ஒரு முடிவில் பச்சை விழுகிறது, வண்டி வெண்ணெய் மாதிரிக் கிளம்புகிறது, கூட்டம் கைதட்டுகிறது. இது ரொம்பவே இனிப்பாக இருக்கிறது என்று மெர்வே சொல்வான். இன்னொன்றில் ஊரே பார்க்க அணைந்துவிடுகிறது, பின்னால் ஹாரன், லைல் ஐஸ்பெட்டியைத் திறந்து அவள் கையில் ஒரு சோடாவைக் கொடுத்து, "அவசரமில்ல, ரெனா. கத்தறவன் கத்தட்டும்" என்கிறான். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, ஆனால் என் ரசனையை நம்பி நீங்கள் எதையும் செய்ய வேண்டாம்.

மூன்றாவதாக ஒன்றும் எழுதிப் பார்த்தேன். அதில் சிக்னலுக்கு முன்பே இருவரும் இடம் மாறிக்கொள்கிறார்கள். ஒரு சாயங்காலம் முழுக்கப் போராடினேன். அவள் இறங்கவில்லை.

வண்டி போயிற்றா, நின்றதா என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பச்சை விழப் போகிறது. லைல் அவளுடைய இடதுகாலைப் பார்க்காமல், ஐஸ்பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகச் சாலையைப் பார்க்கிறான்.