நான்கு வரிக்கு ஆன நேரம்

சொல்வதெழுதுதல் முடிந்ததும் பிள்ளைகள் பலகைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். மொத்தம் ஐம்பத்துநான்கு பலகைகள். ரேணுகாம்பாள் டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். காலையிலிருந்து முழங்கால் வலி. வெளியே தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கொண்டிருந்தவர்களின் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. மூன்றாவது வரிசையின் கடைசிப் பலகைக்கு வந்தபோது அவருக்குப் பெருமூச்சு வந்தது.

"கிருஷ்ணவேணி, எழுந்திரு."

நெசவுக்காரர் வீட்டு ஒன்பது வயதுப் பெண் எழுந்து நின்றாள். மூன்றாம் வகுப்பில் அவளுக்கு இது இரண்டாவது வருஷம். சொன்ன பத்து வார்த்தைகளில் இரண்டுதான் சரி. மற்றவற்றில் 'ம' வரவேண்டிய இடத்தில் 'ய' உட்கார்ந்திருந்தது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போயிருந்தது. ஒரு வார்த்தையில் பாதியைக் காணோம்.

"இதையெல்லாம் நேத்தே பத்துத் தடவை எழுதிட்டு வரச் சொன்னேனே?"

"எழுதினேன் டீச்சர்."

எழுதித்தான் இருந்தாள். நோட்டை வாங்கிப் பார்த்தார். முதல் மூன்று வரிகள் சரியாக இருந்தன. நான்காவது வரியிலிருந்து வார்த்தைகள் கொஞ்சம் கொஞ்சமாக உருமாறி, பத்தாவது வரியில் அவை எந்த மொழி என்றே தெரியவில்லை.

"பார்த்து எழுதறதுக்குக்கூட உனக்குக் கண் தெரியலையா?"

"டீச்சர், அவ கண்ணைத் தறிக்குழியிலயே வுட்டுட்டு வந்துட்டா" என்றான் முன் வரிசைப் பழனி. வகுப்பு முழுவதும் சிரித்தது.

கைக்கு இரண்டு அடி வீதம் நான்கு அடி விழுந்தது. கிருஷ்ணவேணி அழவில்லை. கைகளைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ரேணுகாம்பாள் கொடுமைக்காரர் அல்ல. இருபத்திரண்டு வருஷமாகச் சின்ன காஞ்சிபுரத்தில் பாடம் நடத்துகிறவர். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் வரதராஜப் பெருமாள் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டு, "நாளைக்காவது என்னைக் கோபப்பட வைக்காதே" என்று தினமும் வேண்டிக்கொள்கிறவர். ஆனால் இந்தப் பெண் விஷயத்தில் அவருக்கு மனசு ஆறவில்லை. காரணம், கிருஷ்ணவேணி வாயால் சொல்லச் சொன்னால் எல்லாப் பாடத்தையும் கடகடவென்று ஒப்பிப்பாள். வாய்ப்பாடு பதினாறு வரைக்கும் தெரியும். கதை சொன்னால் மறுநாள் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்வாள். இவ்வளவு தெரிந்த பெண் எழுதமாட்டேன் என்கிறாள் என்றால் அது திமிர்தானே என்று டீச்சர் முடிவு கட்டியிருந்தார்.

தை மாதக் கடைசியில் ஒருநாள் அவளுடைய தாய் பொன்னியம்மாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை.

"டீச்சரம்மா, பொண்ணை நிறுத்திக்கிறோம். அதுக்கு எழுதிக் குடுக்கணும்னு சொன்னாங்க."

"ஏம்மா, வருஷம் முடிய இன்னும் ரெண்டு மாசந்தானே இருக்கு?"

"அவங்கப்பா சொல்லிட்டாரு. தறியில சேலைக் கரைக்கு நாடாக்கட்டை தள்ள ஆள் இல்ல. இவளும் படிக்கிற வழியாக் காணோம். காமாட்சியம்மன் கோயிலுக்கு ஒம்போது வெள்ளிக்கிழமை கூட்டிக்கினு போனேன். ஊமையா இருந்தவனையே பாட வெச்ச தாயின்னாங்க. அங்க நின்னுக்கினு இவ இன்னா சொல்றா தெரியுமா? 'எம்மா, நான்தான் நல்லாப் பேசறேனே, எழுத்துக்கு வேற சாமி இருந்தாப் பாரு'ன்றா." பொன்னியம்மாள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

ரேணுகாம்பாள் மறுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால், ஒரு பாரம் குறைந்ததுபோல இருந்தது. பிள்ளையைத் தறியில் போட்டு உழைப்பு வாங்கப் பார்க்கிறார் அவள் தகப்பன் அப்பாதுரை என்று மனசுக்குள் ஒரு கசப்பும் எழுந்தது. விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் 'படிப்பு ஏறவில்லை' என்று எழுதினார். தகப்பன் கையெழுத்து வேண்டும் என்றார். அவர் தறியை விட்டு வரமாட்டார் என்றாள் பொன்னியம்மாள். கோயிலுக்குப் போகிற வழிதானே என்று சனிக்கிழமை காலையில் டீச்சரே காகிதத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வீட்டில் முன்கட்டு முழுவதும் தறிதான். பழைய பாவு முடிந்து புதுப் பாவு வந்திருந்தது. பழைய பாவின் நுனிகள் தறியிலேயே விட்டு வைக்கப்பட்டிருக்கும். அவற்றோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள், தலைமுடியை விட மெல்லியவை. ஒன்று தவறிப்போய் வேறொன்றோடு சேர்ந்தால் சேலை முழுவதும் கோடு விழும். அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவள் கிருஷ்ணவேணி.

டீச்சர் வந்ததைப் பார்த்ததும் அவள் கைகளை மடியில் ஒளித்துக்கொண்டாள். அடிக்குப் பழகிய கைகள் என்று டீச்சருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.

"செய்யி, செய்யி. நான் சும்மா வந்தேன்" என்றார்.

அவள் நூல் வழுக்காமலிருக்க விரலைச் சாம்பலில் தொட்டுக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தாள். பழைய இழையில் ஒன்று, புதிய இழையில் ஒன்று, ஒரு முறுக்கு. அடுத்தது. கண்கள் பாதி மூடியிருந்தன. விரல்கள்தான் பார்த்தன. கால் மணி நேரத்தில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

"எப்படிடீ தப்பாமச் செய்யறே?"

"ஒண்ணை எடுத்தா அது முடியற வரைக்கும் பக்கத்துல இருக்கிறதைப் பாக்கக்கூடாது டீச்சர். பாத்தா எல்லாம் கலங்கிப் பூடும்."

"அப்போ புத்தகத்துல?"

அவள் இன்னோர் இழையை முறுக்கி முடித்தாள். பிறகு, "புத்தகத்துல எல்லாம் ஒண்ணா வந்துடுது டீச்சர். நிக்க மாட்டேன்னுது" என்றாள்.

தறிக்குழியிலிருந்து அப்பாதுரை ஏறி வந்தார். தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்கம்மா, குந்துங்க" என்றார். காகிதத்தை நீட்டியதும், "மை இருக்குதா? கட்டைவிரல் வெச்சிடறேன்" என்றார்.

"நீங்க நாலாவது வரைக்கும் படிச்சவர்னு உங்க வீட்டுல சொன்னாங்களே."

"போனேம்மா. படிக்கல. எங்க ஊரு தென்னேரி. அப்பா ஏர் உழுதாரு, எம்புள்ளை எழுத்து கத்துக்கணும்னு அனுப்பி வெச்சாரு. எனக்கு எழுத்து நிக்கவே நிக்காது. வாத்தியாரு சரளைக்கல்லு மேல முட்டி போட வெப்பாரு. ஒருநாள் ரத்தத்தைப் பாத்துட்டு அப்படியே ஓடி வந்து இந்த ஊர்ல தறிக்காரர் ஒருத்தர்கிட்ட சேந்துட்டேன்." அவர் மகளின் பக்கம் பார்க்காமல் சொன்னார். "போன வாரம் இது சோறு துன்னுது. கையை மடக்க முடியல. அவ்ளோ வீக்கம். நாடா தள்ள ஆள் இல்லன்னு எம்பொஞ்சாதி உங்ககிட்ட சொல்லியிருப்பா. அது சும்மா. ஊர்ல கேட்டாச் சொல்றதுக்கு ஒண்ணு வேணுமில்ல. நான் பட்டது போதும்மா. இதுவும் படவேணாம்."

அந்த வீக்கம் ரேணுகாம்பாளின் கையால் ஆனது. அதை அந்த மனிதர் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "பரீட்சை வரைக்கும் இவளை எங்கிட்ட விடுங்க. அடிக்க மாட்டேன். அப்புறமும் எழுத்து வரலேன்னா நானே வந்து எழுதிக் கொடுத்துடறேன்."

அப்பாதுரை மகளின் விரல்களைப் பார்த்தார். "இந்தத் தபா பாஸ் ஆவலன்னா நிறுத்திடுவேன். மூணாங்கிளாசுலயே மூணு வருஷம் குந்த வெச்சா தெருவுல சிரிப்பாங்கம்மா."

திங்கட்கிழமை முதல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மணி அடிப்பதற்குள் கிடைக்கும் இருபது நிமிஷம் கிருஷ்ணவேணிக்கு என்று ஆயிற்று. டீச்சர் தயிர்சாதத்தை இரண்டு வாயில் விழுங்கிவிட்டு வருவார். தறியில் வெட்டிப் போட்ட நூலைப் பொன்னியம்மாள் ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்திருந்தாள். டீச்சர் புளியங்கொட்டைப் பசையால் அட்டையில் நூலை எழுத்தாக ஒட்டினார். ஓர் அட்டைக்கு ஓர் எழுத்து. கிருஷ்ணவேணி கண்ணை மூடிக்கொண்டு நூலின் மேல் விரலை ஓட்டுவாள். ஓட்டும்போதே ஓசையை வாயால் சொல்ல வேண்டும். எழுத்தின் பெயர் வேண்டாம், ஓசை மட்டும். உதடு மூடி 'ம்'. அதனோடு 'ஆ'. இரண்டும் சேர்ந்து 'மா'. 'ம' உறுதியாகும் வரை 'ய'வை டீச்சர் கண்ணில் காட்டவே இல்லை. இன்னோர் அட்டையில் சின்னதாக ஒரு துளை வெட்டினார். அதைப் புத்தகத்தின் மேல் வைத்து நகர்த்தினால் ஒரு நேரத்தில் ஓர் எழுத்துதான் தெரியும். மற்றவை மறைந்திருக்கும்.

எந்தப் பயிற்சியிலும் இதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அந்தப் பெண் பாவு பிணைத்ததை நினைத்து நினைத்துத் தானாகவே செய்துகொண்டார். சில நாள் சரியாக வந்தது. சில நாள் நேற்று வந்ததெல்லாம் இன்று காணாமல் போனது. முதல் நான்கு எழுத்துக்கு மூன்று வாரம் ஆயிற்று; அவை நிலைத்த பிறகு மற்றவை கொஞ்சம் வேகமாக வந்தன. ஒருநாள் அவருக்குத் தலைவலி. அவளுக்கு 'கொ' வரவே இல்லை. ஓசை பின்னால் வருகிறது, கொம்பு ஏன் முன்னால் வருகிறது என்று கேட்டாள். டீச்சரின் கை தானாகவே மேஜை மேல் பிரம்பைத் தேடியது. பிறகு அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, "தெரியலைடி. நல்ல கேள்வி. மறுபடியும் தொட்டுப் பாரு" என்றார்.

"டீச்சர், அவ மட்டும் பொம்மை வெச்சு வெளாடறா" என்று பழனி முறையிட்டான்.

"நீயும் வந்து கண்ணை மூடிச் சொல்லுடா பார்ப்போம்."

வந்தான். ஐந்து அட்டையில் இரண்டைத்தான் சொன்னான். கிருஷ்ணவேணி ஐந்தையும் சொன்னாள். அதற்குப் பிறகு அவளைப் பற்றி அவன் கேலி பேசவில்லை.

சித்திரையில் பரீட்சை வந்தது. மூன்றாம் வகுப்புக்குத் தலைமையாசிரியர் ராஜகோபாலே வந்து உட்கார்ந்து, முன்பு பார்க்காத பாடம் ஒன்றைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வார். எழுதியதில் குறைந்த மார்க் வாங்கியவர்களுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. கிருஷ்ணவேணியின் முறை வரும்போது அப்பாதுரை வாசற்படிக்கு வெளியே வந்து நின்றார். மேல்சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

நான்கு வரி. கிருஷ்ணவேணி துளை போட்ட அட்டையைப் புத்தகத்தின் மேல் வைத்தாள். விரல் நகர்ந்தது. ஓர் ஓசை, இன்னோர் ஓசை, இரண்டும் சேர்ந்து ஒரு சொல். நடுவில் நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. மறுபடியும் தொடங்கினாள். தலைமையாசிரியர் ஒருமுறை கொட்டாவி விட்டார். இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசிச் சொல்லைப் படித்து முடித்தபோது அவள் நெற்றி வேர்த்திருந்தது.

"எட்டு நிமிஷம்" என்றார் ராஜகோபால். "நாலு வரிக்கு எட்டு நிமிஷம். மத்தப் பிள்ளைகளுக்கு அரை நிமிஷம் ஆகலை. நாலாம் வகுப்புப் பாடத்தை இவ எப்போ படிச்சு முடிப்பா டீச்சர்? இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருக்கட்டும்."

ரேணுகாம்பாள் வாய் திறப்பதற்குள் வாசலிலிருந்து குரல் வந்தது.

"சார், படிக்காதவன் பேசறேன், தப்பா இருந்தா மன்னிச்சிக்குங்க." அப்பாதுரை உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றார். "அவ படிச்சதுல தப்பு எத்தினி சார்?"

தலைமையாசிரியர் புத்தகத்தைப் பார்த்தார். நான்கு வரியையும் மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். "தப்பு… ஒண்ணும் இல்லை."

"நான் நாலு வருஷம் பள்ளிக்கூடத்துல குந்திக்கினு இருந்தவன் சார். அந்த நாலு வருஷத்துல எனக்கு யாரும் எட்டு நிமிஷம் குடுக்கல. அதான் இன்னிக்கும் கட்டைவிரல் வெச்சிக்கினு இருக்கேன்."

ரேணுகாம்பாள் எழுந்து கிருஷ்ணவேணியின் தோளில் கை வைத்தார்.

"சார், இந்தக் குழந்தைக்குப் படிப்பு ஏறலேன்னு என் கையாலேயே எழுதினேன். திமிர்னு நெனச்சு அடிச்சேன். திமிரும் இல்லை, சோம்பலும் இல்லை. புத்தி நல்லாத்தான் இருக்கு. எழுத்து மட்டும் இவளுக்கு வேற வழியா வரணும். சில பிள்ளைகளைப் பகவான் அப்படிப் படைக்கிறார். அந்த வழியைத் தேடிச் சொல்லித் தர்றதும், வர்ற வரைக்கும் காத்திருக்கிறதும் நம்ம வேலை. அதை நாம செய்யாம விட்டுட்டு, பிள்ளையை மக்குன்னு சொல்றது பெரிய பாவம் சார். இருபத்திரண்டு வருஷத்துல எத்தனை பேருக்கு நான் அந்தப் பாவத்தைச் செஞ்சேனோ தெரியலை."

ராஜகோபால் பேனாவைத் திறந்து, பட்டியலில் கிருஷ்ணவேணியின் பெயருக்கு நேரே 'தேர்ச்சி' என்று எழுதினார். வெளியே அப்பாதுரை தோள்துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து வந்தவள் பூவம்மாள் என்ற சின்னப் பெண். முதல் சொல்லிலேயே தடுக்கி நின்று, பயத்துடன் தலைமையாசிரியரின் முகத்தைப் பார்த்தாள்.

அவர் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மெதுவாப் படிம்மா" என்றார். "நாங்க காத்துக்கிட்டிருக்கோம்."