நினைவுக்கல்லுக்கு ஒதுக்கிய இடம்

யாரையும் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் மேனேஜர் போகிற இடமெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார். போர்க்காலத்தில் சேர்ந்த பெண்களைத் தக்க காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. சட்டத்தை மீற அவர் என்ன முட்டாளா? அவர் இடித்தது பெண்கள் கழிப்பறையை மட்டும்தான்.

அந்தப் பம்பு ஃபாக்டரியில் போர் நடந்த ஐந்து வருடமும் பம்பு செய்யவில்லை, குண்டுக்கு உறை செய்தார்கள். ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, நாற்பது பெண்கள் வந்து இயந்திரங்களின் முன் நின்றார்கள். அவர்களில் ஒருத்திக்கு மில்லிமீட்டர் என்று பெயர். அளவுக்கருவியைத் தொடுவதற்கு முன்பே, "இது அரை மில்லி கூட இருக்கு" என்பாள். வைத்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். அவள் நின்றது கணவன் விட்டுப்போன லேத்தின் முன்னால். அவன் வரும்வரை என்று நினைத்துத்தான் நின்றாள். போர் முடிய நான்கு மாதம் இருக்கையில், அவன் இனி வரமாட்டான் என்று கடிதம் வந்தது. ஒரு வாரம் அழுதாள், எட்டாம் நாள் லேத்துக்கு வந்தாள். போகப்போக அந்த வேலையே அவளுக்குப் பிடித்துவிட்டது. அதை வெளியே சொல்ல அவள் வெட்கப்பட்டதும் இல்லை.

போர் முடிந்து ஆண்கள் திரும்பினார்கள். பெண்களில் பாதிக்கு மேல் தாங்களாகவே வீட்டுக்குப் போனார்கள், பதினான்கு பேர் வேலையிலேயே இருந்துவிட்டார்கள். "இன்னும் எதுக்கும்மா உங்களுக்கு இந்தக் கஷ்டம்?" என்று வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி மேனேஜர் கேட்டுப் பார்த்தார். பதினான்கு பேரும் காது கேட்காத மாதிரி வேலையைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் நினைவுக்கல் பேச்சு வந்தது. பேச்சை எடுத்தவன் மில்லிமீட்டரின் கொழுந்தன். போரிலிருந்து முழு உடம்போடு திரும்பி, தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளரானவன். ஃபாக்டரியிலிருந்து போய் மாண்ட நாற்பத்துமூன்று பேரின் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டும் என்றான். பதினோராவது பெயர் அவன் அண்ணனுடையது. அதைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது, அது நடிப்பில்லை. கல்லை வாசலருகே, வருகிறவர் போகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் வைக்க வேண்டும் என்றும் சொன்னான். வாசலருகே இருந்தது போர்க்காலத்தில் கட்டிய பெண்கள் கழிப்பறை. ஐந்து கதவு, மூன்று குழாய். மேனேஜருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இடித்துவிட்டார்கள். புதிதாக ஒன்று கட்டக் கோப்பு போயிருப்பதாகச் சொன்னார்கள். அது கிணற்றில் போட்ட கல்.

பக்கத்தில் பெண்களுக்கு வேறு கழிப்பறை என்றால் ரயில்வே ஸ்டேஷனில்தான். போய் வர அரை மணி நேரம். அரை மணிக்குக் கூலி பிடிப்பார்கள், டைம்கீப்பர் சிவப்பு மையில் ஒரு கோடும் போடுவார். மாதத்தில் மூன்று சிவப்புக் கோடு என்றால் அது தக்க காரணம். ஆக, பெண்கள் காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். உலைக்குப் பக்கத்தில் நாக்கு வறள நின்றார்கள். வெல்டிங்காரி நீர்க்கடுப்பில் துடித்துப்போய் இரண்டாம் மாதம் வேலையை விட்டு நின்றுவிட்டாள். அவளைப் பார்த்துப் பயந்து இன்னும் ஆறு பேர். இரண்டு பேருக்குச் சிவப்புக் கோடு மூன்றாகிவிட்டது. ஏழு மாதத்தில் பதினான்கு ஐந்தாயிற்று.

மில்லிமீட்டர் சும்மா இருக்கவில்லை. சங்கக் கூட்டத்தில் எழுந்து, "இரும்பு உருக்குற பவுண்டரிக்குப் பின்னால ஆம்பளைங்க கழிப்பறையில பன்னெண்டு கதவு இருக்கு. நடுவுல ஒரு சுவர் வைங்க. நாலு எங்களுக்குப் போதும். கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை" என்றாள். அளவுகூட எடுத்து வைத்திருந்தாள்.

கூட்டத்தில் ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். "ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா? நல்லாவா இருக்கும்?" என்றார், வயதானவர் என்று போருக்கு எடுக்காமல் விட்ட ஒரு ஃபிட்டர்.

"குண்டு விழுறப்பல்லாம் ரெண்டு வருஷம் பதுங்கு குழியில எங்ககூட தோளோடு தோள் ஒட்டி உக்காந்திருந்தீங்களே, அது நல்லா இருந்துச்சா?"

"அது போர்க்காலம்மா. அது வேற."

கொழுந்தன் அவளைத் தனியே கூப்பிட்டான். "அண்ணன் பேரு வரப்போற இடம் அது. அதப் பத்திப் பேசும்போது கக்கூஸ் கக்கூஸுன்னு சொல்றீங்களே அண்ணி. கேக்கவே ஒரு மாதிரி இருக்கு."

அவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அவனைத் திட்டினால் அண்ணனைத் திட்டுவதாகிவிடும், கல்லைத் திட்டினால் செத்தவனைத் திட்டுவதாகிவிடும். எந்தப் பக்கம் கையை ஓங்கினாலும் குறுக்கே அவள் புருஷன் பெயர் வந்து நின்றது. அவன் உயிரோடிருந்த காலத்தில் ஒருநாளும் அவள் வழியை மறித்ததில்லை.

திறப்பு விழா இரண்டு மணிக்கு என்றார்கள். தலைமை தாங்க வந்த பெரிய மனிதர் மூன்றேகாலுக்குத்தான் வந்தார். தியாகியின் மனைவி என்று மில்லிமீட்டருக்கு முன்வரிசையில் நாற்காலி. கல்லின் மேல் போர்த்திய துணியை அவள்தான் இழுக்க வேண்டும். முன்வரிசை என்பதால் கையில் ஒரு சோடாவும் கொடுத்தார்கள். எல்லாரும் பார்க்கிறார்களே என்று குடித்துத் தொலைத்தாள். நான்கு மணிக்கு வயிறு முட்டியது. மேடையில் பெண்களின் மகத்தான உழைப்பைப் பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கிறவராகத் தெரியவில்லை.

ஸ்டேஷனுக்குப் போய் வர நேரமில்லை. அவள் எழுந்தாள். பின்வரிசையிலிருந்த மற்ற நான்கு பெண்களின் முகத்தைப் பார்த்தாள், அவர்கள் நிலைமையும் அதுதான். "வாங்கடி" என்றாள். ஐந்து பேரும் பவுண்டரிக்குப் பின்னால் போனார்கள். ஃபாக்டரி ஆண்கள் எல்லாம் விழாவில் இருந்ததால் அங்கே ஈ காக்கை இல்லை.

பன்னிரண்டு கதவு. ஒன்றில் துடைப்பம் அடுக்கியிருந்தது. மூன்றின் தாழ்ப்பாளில் துரு ஏறியிருந்தது, யாரும் திறந்தே பல மாதம் இருக்கும். அதைப் பார்த்ததும் அவளுக்கு அடக்க முடியாத ஆத்திரம் வந்தது. வெல்டிங்காரி துடித்ததெல்லாம் இந்தத் துருவுக்காகவா?

அவள் உள்ளே இருக்கும்போதே வெளியில் கொழுந்தன் குரல் கேட்டது. மேடையில் பெயரைக் கூப்பிட்டு, ஆளைக் காணாமல் தேடி வந்திருக்கிறான்.

"அண்ணி, இங்கயா இருக்கீங்க? எல்லாரும் காத்திருக்காங்க."

"காத்திருக்கட்டும்" என்றாள் உள்ளேயிருந்து. "நாங்க ஏழு மாசமா காத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

அவசரப்படாமல் வெளியே வந்தாள், சோப்புப் போட்டுக் கை கழுவினாள், போய்த் துணியை இழுத்தாள். பதினோராவது வரியில் அவன் பெயரைப் பார்த்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கூட்டம் கை தட்டியது. கல் வைத்ததற்கு நன்றியில் அழுகிறாள் என்று இவர்கள் நினைப்பார்களே என்ற கோபத்தில் இன்னும் அழுதாள்.

மறுநாள் காலை மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். ஆண்கள் கழிப்பறைக்குள் நுழைந்தது ஒழுங்கீனம், கூட நான்கு பேரை அழைத்துப் போனது அதைவிடப் பெரிய ஒழுங்கீனம் என்று எழுதி வைத்திருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சாட்சி வேண்டும் என்று விதி இருந்ததால் கொழுந்தனும் அங்கே நின்றான்.

"பாத்தீங்களா?" என்று கேட்டார் மேனேஜர்.

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், மென்று முழுங்கினான். "பாத்தேன் சார்" என்றான்.

பத்து மணிக்கு முன் அவளை அனுப்பிவிட்டார்கள். மற்ற நான்கு பேரும் எச்சரிக்கைக் கடிதம் வாங்கிக்கொண்டு, நாங்களே நின்றுகொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சட்டம் ஒரு கீறல் இல்லாமல் பத்திரமாக இருந்தது.

சாயங்காலம் கொழுந்தன் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னாள், டீ கொடுத்தாள். புருஷனின் தம்பி என்ற உறவு ஒன்று இருக்கிறதே.

"கண்ணால பாத்தத இல்லன்னு எப்படி அண்ணி சொல்ல முடியும்?" என்றான்.

"சரி. நாங்க ஏழு மாசம் ஸ்டேஷனுக்கு நடந்தோமே, அப்ப அந்தக் கண்ண எங்க வெச்சிருந்தீங்க?"

அவன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் ஏதோ சொல்ல வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. கடைசியில் சொன்னான். "உங்க லேத்துக்கு நாளைக்கு என்னைப் போடறாங்க. அண்ணன் லேத்தாச்சே, வெளியாளுக்குப் போகாம நம்ம குடும்பத்தோடயே இருக்கட்டும்னு நான்தான் கேட்டேன். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

ஆறு வருடம் அவள் எண்ணெய் போட்டுத் துடைத்த லேத்து. ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலிருந்தது. டம்ளரை வாங்கி வைத்தாள்.

சொல்லி முடித்த நிம்மதியில் அவன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "அண்ணி, ஒரு நிமிஷம். பின்னாடி பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

அவள் பின்கதவை மறித்து நின்றாள்.

"இந்த வீட்டுல ஆம்பளைங்களுக்குன்னு தனியா இல்லையே தம்பி."

கிண்டல் என்று நினைத்து அவன் சிரித்தான். அவள் நகரவில்லை. சிரிப்பு மெல்ல நின்றது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினான். அவன் வீடு நாலு தெரு தள்ளி இருந்தது. முதல் தெருவைச் சாதாரணமாகத்தான் நடந்தான், அதற்குப் பிறகு வேகமாக நடந்தான்.