கரம்பை கரைந்த கோடை

கிட்ட வாங்க, என் கண்ணுகளா. பின்னால் நிற்கிறவர்களும் முன்னால் வந்து காலை நீட்டி உட்காருங்கள், இடம் கிடக்கிறது. ஊரே மழைக்கு ஏங்கிய கோடையில், கேட்ட மழையே வந்து ஒருத்தியின் மடியை உதறிவிட்டுப் போன கதையைச் சொல்கிறேன். ஆறுதலான கதை இல்லை. ஆனாலும் பாதியில் நிறுத்தமாட்டேன்.

அவள் பெயர் ஜன்னத்துல் பிர்தௌஸ். கம்பம் டவுனில் வீடு. காமயகவுண்டன்பட்டியைத் தாண்டி, மலை இறங்கி வந்து மூச்சு வாங்குகிற அடிவாரத்தில் அவளுக்குக் கொஞ்சம் நிலம். முதலில் அது நிலமே இல்லை, வெறும் பாறைத்தரை. மண்வெட்டியைப் போட்டால் பொறி பறக்கும். அவள் புருஷன் உசேன் அதை வாங்கியபோது சொந்தக்காரர்கள், வற்றல் காயப்போட நல்ல இடம் என்று கேலி பேசினார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, கோடை வந்ததும் கண்மாய்க்குப் போனார். வற்றிய கண்மாயின் அடியில் கறுப்பாக வெடித்துக் கிடக்கும் வண்டலைக் கரம்பை என்பார்கள். அதை வெட்டி டிராக்டரில் ஏற்றிவந்து பாறைமேல் கொட்டினார். அடுத்த கோடையிலும் கொட்டினார். அதற்கடுத்த கோடையிலும். பாறை கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணை மூடியது. ஒரு முழ ஆழத்துக்கு மண் சேர்ந்தபிறகு அதில் கடலை காய்த்தது. சிரித்தவர்கள் வீட்டுக்கெல்லாம் உசேன் ஆளுக்கொரு பை பச்சைக்கடலை கொடுத்தனுப்பினார்.

அந்த மனுஷர் நெஞ்சுவலியில் போய்விட்டார். அடக்கம் செய்கிற கபரஸ்தானுக்குப் பெண்கள் போகிற வழக்கமில்லை. போன ஆண்கள் ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். ஜன்னத்தின் கைக்கு அந்த மண் எட்டவில்லை. அவளுக்கு இருந்ததெல்லாம் இந்த அடிவாரத்து மண்தான்.

அவர் போனபிறகு கரம்பை அடிக்க ஓடியாட ஆளில்லை. கடலைச்செடி சோகை பிடித்தாற்போல் வெளுத்தது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போன மகன் சலீம், இந்த வெள்ளாமையும் தேறவில்லையென்றால் நிலத்தை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடு என்று போனில் சொன்னான். பாசத்தில்தான் சொன்னான், குறை சொல்ல முடியாது. சரி, இந்த ஒரு தடவை பார்ப்போம் என்று அவளும் வாக்குக் கொடுத்துவிட்டாள். ஆக, அந்த ஆடி விதைப்பு தேறினால் நிலம், தேறாவிட்டால் இல்லை.

இப்படியிருக்க, பங்குனியில் மலை எரிந்தது. இளம்புல் துளிர்க்கட்டும் என்று மாட்டுக்காரர்கள் வைத்த தீ என்றார்கள். யாரோ போட்ட பீடி என்றும் சொன்னார்கள். கம்பத்தில் கொடியில் காய்ந்த துணியிலெல்லாம் கரி விழுந்தது. அணைந்தபிறகு பார்த்தால், சிரைத்த தலை மாதிரி இருந்தது மலை.

ஜன்னத் அப்போதுதான் கரம்பைக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். கோடையில் மட்டும்தான் கண்மாயில் மண் எடுக்க விடுவார்கள். வாடகைக்கு ஓட்டுகிற நௌஷாத்தின் டிராக்டரும் மறுநாள் வருவதாக இருந்தது. பக்கத்து நிலத்துச் செல்லப்பாண்டி ஆடுகளை விட்டுவிட்டு வந்து வரப்பில் நின்றார்.

"ஆத்தா, இந்த வருசம் மட்டும் கரம்பை வேணாம். மலை மொட்டையாக் கெடக்கு. மழை பேஞ்சா அங்கன நிக்காது, நேரா இங்கனதான் வரும்."

"மழைய நம்பித்தானண்ணே கரம்பையே போடுறது."

"அது நின்னு நிதானமா வர்ற மழைய நம்பி."

அவர் அவளை மேட்டுக்குக் கூட்டிப்போய், தீ தின்ற இடத்தில் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துக் காட்டினார். தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. சேம்பு இலையில் விழுந்தது போலச் சாம்பலைச் சுருட்டிக்கொண்டு முத்து முத்தாக உருண்டு போனது. ஜன்னத் குனிந்து விரலால் கீறிப் பார்த்தாள். மேல் மண் மெழுகு பூசியதுபோல் இறுகியிருந்தது. கண்ணால் பார்த்தாள். அவள் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

"ஒங்க வீட்டுக்காரரா இருந்தா எனக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டு மாட்டேம்பாக. நீ டீயும் இல்லாமயே மாட்டேங்குற" என்றார் செல்லப்பாண்டி.

அவள் சிரித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அவுக இருந்தா போட்டிருப்பாகண்ணே."

அவர் ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

கரம்பை வந்து இறங்கியது. தலை தலையாகக் கறுப்புக் கட்டிகள். அதை மண்வெட்டியால் உடைத்து நிரவுவது முறை இல்லை, கண்ணுகளா. பழைய மண்ணை உழுது இளக்கிவிட்டு, கட்டிகளை அப்படியே பரப்பிவிட வேண்டும். கோடைமழை வந்து கரைத்து உள்ளே இறக்கிவிடும். உசேன் அப்படித்தான் செய்வார். அவளும் ஒன்று விடாமல் அப்படியே செய்தாள். ஒவ்வொரு தொழுகையிலும் மழை கேட்டு துஆ செய்தாள்.

மழை வந்தது. சித்திரை கடைசியில், ஒரு மத்தியானம். ஜன்னத் பக்கத்து நிலத்து மோட்டார் ரூமுக்குள் ஒதுங்கி நின்றாள். முதல் சொட்டுகளில் கட்டிகள் பிளந்தபோது எழுந்த வாசனையில் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கொஞ்ச நேரம், கொஞ்சமே கொஞ்ச நேரம், எல்லாம் உசேன் சொன்ன மாதிரியே நடந்தது.

அப்புறம் மலைப்பக்கமிருந்து லாரி வருகிறாற்போல ஒரு சத்தம். தண்ணீர் கறுப்பாக வந்தது. கரிக்கட்டையும் எரிந்த வேரும் உருட்டுக்கல்லுமாக வந்தது. எப்போதும் புல்லிலும் சருகிலும் தடுக்கித் தடுக்கி வருகிற தண்ணீருக்கு அன்றைக்கு வழியில் தடுக்க ஒன்றுமில்லை. மேல்வரப்பு ஒரு நொடியில் காணாமல் போனது. கட்டிகள் கரைந்தன, அதற்குத்தானே அவற்றை வைத்திருந்தாள். கரைந்த கரம்பையையும், அதற்கடியில் உழுது இளக்கிவைத்த உசேனின் மண்ணையும் சேர்த்துத் தண்ணீர் வாரிக்கொண்டு போனது. ஓடிப்போய்த் தடுக்கலாம் என்று ஒரு கால் வெளியே வைத்தாள். எதைக்கொண்டு தடுப்பது? வைத்த காலை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கண்மாய்க் கரையில் ஊரே நின்றது. தண்ணீர் வந்துவிட்டது என்று அவர்களுக்குச் சந்தோஷம். பொய்யில்லை, வந்துதான் இருந்தது. ஓடை வந்து சேருகிற வாயில் ஒரு புது மண்மேடு, சாம்பலும் மலைக்கல்லும் கலந்து, பாதி தண்ணீருக்குள் கிடந்தது. ஜன்னத்தின் கரம்பை வெட்டிக்கொண்டு போன இடத்துக்கே திரும்பி வந்திருந்தது. இனி அதை எடுக்கவும் முடியாது, எடுத்தாலும் அது பழைய கரம்பை இல்லை.

செல்லப்பாண்டி நிலத்தைப் பார்க்க வந்தார். அவருடைய நிலமும் அரித்துத்தான் போயிருந்தது. ஆனால் உழாமல் காய்ந்த செடியோடு விட்டிருந்ததால் பாதி மண் தங்கிவிட்டது.  கவரில் வாங்கிவந்த டீயை அவளுக்கு ஒரு கப்பில் ஊற்றிக் கொடுத்தார். அவள் குடிக்கவில்லை.

"அவுக இருந்தா போட்டிருப்பாகளாண்ணே?"

செல்லப்பாண்டி டீக் கவரின் வாயை நூலால் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தார். "போட்டிருப்பாக ஆத்தா" என்றார். "அவுகளும் போட்டுத்தான் இருப்பாக."

அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஜன்னத் டீயைப் பார்த்தாள்.

இருவரும் உருட்டுக்கல்லைப் பொறுக்கிக் குறுக்கே ஒரு வரிசை கட்டினார்கள். அடுத்த மழை அதையும் தள்ளிவிட்டுப் போனது. மலையில் புல் மண்ணைக் கட்டிப்பிடிக்கிற வரை இப்படித்தான் என்றார் செல்லப்பாண்டி.  ஆடி வந்தது. விதைக்க மண்ணில்லை.

சலீம் லீவு போட்டு வந்தான். கூடவே ஞானதுரை என்கிற புரோக்கர். பாறையைக் கண்டால் அந்த ஆள் திரும்பிப் போய்விடுவார் என்று ஜன்னத்துக்கு உள்ளுக்குள் ஒரு நப்பாசை. ஞானதுரை செருப்புக்காலால் பாறையைத் தட்டிப் பார்த்தார்.

"நல்லதாப் போச்சுக்கா. கட்டடம் கட்டுறவுகளுக்குக் கடக்கால் தோண்டுற வேலை மிச்சம்."

சலீம் தலையைக் குனிந்துகொண்டான். சின்னப் பிள்ளையில் அத்தா உசேனோடு டிராக்டரில் உட்கார்ந்து கரம்பை அடிக்க வந்தவன்தானே. கடைசியில் அவளே சொன்னாள்.

"வித்துரு ராசா."

அவர்கள் ரோட்டுக்கு நடந்தார்கள். ஜன்னத் மட்டும் கீழ்க்கோடிக்குப் போனாள். அங்கே ஒரு வேம்பின் தூரில் கொஞ்சம் மண் சிக்கி நின்றிருந்தது, கறுப்பாக, பழைய மண். ஒரு பிடி எடுத்துவந்து வெறும் பாறையில் போட்டாள். திரும்பப் போய் இன்னொரு பிடி. இன்னொன்று. மூன்றாவது பிடியைப் போட்டுவிட்டுக் கையைத் தட்டாமலே நின்றாள். மலைக்காற்று இறங்கி வந்து அதில் பாதியை அப்போதே எடுத்துக்கொண்டு போனது. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு நடந்தாள்.

அவ்வளவுதான், என் செல்லங்களா. எழுந்து வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டுக்கு வருகிற மழை வாசலில் நின்று கேட்டுவிட்டு வரட்டும். நீங்கள் போட்ட மண் போட்ட இடத்திலேயே இருக்கட்டும். உங்கள் பானையில் சோறும், சோற்றைப் பங்கு போட ஆளும் குறையாமல் இருக்கட்டும்.