செவலை சுரந்த பால்

காஜா பேராங் ஊர்ப் பெண்கள் நாங்கள் சேர்ந்து சீட்டுப் போட்டோம். மாதம் ஆளுக்குப் பத்து வெள்ளி. சேர்வதை ஒருத்தி எடுப்பாள். பேங்குக்காரன் எங்களை வாசலோடு அனுப்பிவிடுவான், வட்டிக்கடைக்காரரோ நகை கேட்பார். சீட்டுக்கு வாய்ச்சொல் போதும். முதல் சீட்டு எனக்கு விழுந்தது. அதில் செவலைப் பசுவை வாங்கினேன். பக்கத்தில் தெங்கேராவில் இருந்த காப்பிக்கடைக்குப் பால் ஊற்றினேன். புருஷனிடம் கைநீட்டாமல் உப்பும் புளியும் வாங்குகிற சுகம் அப்போதுதான் தெரிந்தது.

மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். ஊரெல்லாம் கொடி. என் வீட்டுக்காரர் மருதமுத்து தோட்டவேலை பார்த்த பங்களாவின் துரை பெட்டி கட்டிக் கப்பலேறினார். போகும்போது இவருக்குத் தன் தொப்பியைக் கொடுத்தாராம். தொப்பியை உலையில் போட முடியுமா? வேறு வேலை கிடைக்கவில்லை. பால் காசு முழுவதும் அரிசிக்கே போனது. மூன்று மாதம் நான் சீட்டுக் கட்டவில்லை.

ஒருத்தி கட்டாவிட்டால் சீட்டுப் பிடிக்கும் ருக்மணி அக்காதான் கைக்காசைப் போட வேண்டும். எங்கள் பக்கம் அதற்காக யாரும் சண்டைக்கு வருவதில்லை. எல்லோரும் சேர்ந்து வந்து கட்டாதவள் வீட்டுக் கூடத்தில் உட்காருவார்கள். எதைக் கொடுத்தாலும் குடிக்கமாட்டார்கள். மூன்றாம் மாதக் கடைசியில் என் வீட்டுக்கும் அப்படித்தான் வந்து உட்கார்ந்தார்கள். நான் கலக்கி வைத்த தேத்தண்ணீரில் ஆடை படிந்தது. சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். வாயே திறக்காதவளிடம் என்னத்தைக் கேட்பது?

கடைசியில் ருக்மணி அக்காதான் பேசினார்.

"பூங்காவனம், காசு முடியிற வரைக்கும் மாடு எங்கிட்ட நிக்கட்டும். பால வித்து நான் போட்ட காச எடுத்துக்கிறேன். இனிமே உள்ள மாசத்த நீ கட்டிரு."

நானே கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தேன். அழுகை வரவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, எனக்கு வாய்க்கும் எட்டித்தான் போனது.

செவலை அங்கே பாலை இறக்காமல் எக்கிக்கொண்டது. அக்கா கறந்தார், அவர் மகள் கறந்தாள், ஆள் வைத்தும் பார்த்தார்கள். உதைதான் மிச்சம். நாலாம் நாள் காலையில் அக்கா என் வாசலில் வந்து நின்றார்.

"நீ வந்து கறந்து குடு. கூலி தரேன்."

போனேன். என் குரல் கேட்டதும் செவலை காதை ஆட்டியது. மடியில் கை வைத்தேன், பால் இறங்கிவிட்டது. பாவி மாடு, எக்கிக்கொண்டே இருந்திருக்கலாம்.

இப்போதும் தினம் போகிறேன். ஆரம்பத்தில் கோபம் வந்தது, இப்போது அதுவும் வருவதில்லை. வீட்டில் பிள்ளைகளுக்கு வெறுந்தேத்தண்ணீர். மாதக் கடைசியில் அக்கா கூலியை எண்ணி என் கையில் வைப்பார். நான் வாசல் தாண்டுவதில்லை. அங்கேயே நின்று அதை அவர் கையில் திருப்பி வைக்கிறேன், சீட்டுக்கு.